வலை ஏன் மங்கியது? பழைய லென்ஸ், பிலிம், டிஜிட்டல்: திருகோணமலையிலிருந்து ஒரு வரலாறு

திருகோணமலையிலிருந்து தெற்கே மூதூரைக் கடந்து வெருகல் பக்கம் போகிற பாதையில் இலங்கைத்துறை முகத்துவாரம் இருக்கிறது. களப்பு கடலோடு சேருகிற இடம். விடியற்காலையில் அங்கே வீச்சு வலை எறிகிற ஆக்களைப் படம் எடுக்கவென்று போன வருசம் ஒரு சனிக்கிழமை போயிருந்தேன். கையில் இருந்தது செகண்ட் ஹாண்டில் வாங்கின சோனி ஏ6000. அதன் முன்னால் மாமாவின் பழைய சூப்பர் டக்குமார் 50 மில்லிமீற்றர் லென்ஸ், இடையில் ஓர் அடப்டர் வளையம்.

இந்த லென்ஸில் ஓட்டோ போகஸ் கிடையாது. ஆனால் உடம்பில் அழகாக மீற்றர் கணக்குப் பொறித்திருக்கும். அதன் கீழே இரண்டு பக்கமும் சிறு கோடுகள். எஃப் 8 வைத்து, வளையத்தை 5 மீற்றருக்குத் திருப்பினால், ஏறக்குறைய மூன்றரை மீற்றரிலிருந்து ஒன்பதரை மீற்றர் வரைக்கும் எல்லாம் தெளிவாக விழும் என்று அந்தக் கோடுகள் சொல்லும். எறிகிறவர் 5 மீற்றரில் நிக்கிறார், வலை எட்டு ஒன்பது மீற்றரில் விரியும். இரண்டுமே எல்லைக்குள். நான் நம்பிக்கையோடு அழுத்தினேன்.

வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால் ஆள் நல்ல கூர்மை. வலை மங்கல். ஒரு படம் இல்லை, பதினெட்டுப் படம்!

லென்ஸ் பழுதாகிப் போச்சு எண்டுதான் முதலில் நினைத்தேன். இல்லை. அந்தக் கோடுகள் பொய் சொல்லவில்லை, அவை வேறொரு காலத்தின் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தன. அது எந்தக் காலம் என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

அந்தக் கோடுகளைப் போட்டவர்கள் மனதில் வைத்திருந்தது 36க்கு 24 மில்லிமீற்றர் பிலிம் துண்டு. அதில் ஒரு புள்ளி 0.03 மில்லிமீற்றர் அளவு வட்டமாகப் பரவினாலும், சாதாரண அளவில் பிரிண்ட் போட்டுக் கைநீட்டுத் தூரத்தில் வைத்துப் பார்க்கிற மனிதக் கண்ணுக்கு அது புள்ளியாகவே தெரியும் என்பது அவர்களின் கணக்கு. என் கமராவின் சென்சர் அதைவிடச் சிறியது, அகலம் 23.5 மில்லிமீற்றர்தான். அதே அளவு பிரிண்டுக்கு அதைக் கூடுதலாகப் பெருப்பிக்க வேண்டும். ஆகவே 0.03 இங்கே செல்லாது, 0.02 எண்டு வைக்க வேணும். அப்படிப் போட்டால் அந்த மூன்றரை முதல் ஒன்பதரை என்பது 3.8 முதல் 7.4 மீற்றராகச் சுருங்கிவிடும். வலை வெளியே போய்விட்டது. போதாக்குறைக்கு நாங்கள் பிரிண்டா பார்க்கிறம்? 24 மெகாபிக்சல் படத்தை நூறு வீதத்துக்கு ஊதிப் பார்க்கிறோம். 0.03 மில்லிமீற்றர் வட்டத்துக்குள் இந்தச் சென்சரின் ஏழெட்டுப் பிக்சல்கள் குந்தியிருக்கும். மாமா காலத்தில் எவரும் ஒரு படத்தை அப்படி மூக்கை ஒட்டி வைத்துப் பார்க்கவில்லை.

'பிலிம் நல்லதா, டிஜிட்டல் நல்லதா' என்கிற சண்டையில் பாதி இந்த இடத்தில்தான் கிடக்கிறது. லென்ஸ் ஒன்றேதான், பார்க்கிற பழக்கம்தான் மாறியிருக்கிறது.

போகஸ் என்றால் என்ன என்கிற சண்டை இலங்கைக்குப் புதிதும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் 'மங்கலாக எடுக்கிறவர்' என்று ஏச்சு வாங்கிய ஜூலியா மார்கரெட் கமரோன், 1875இல் கணவரோடு இங்கே வந்து 1879இல் இங்கேயே இறந்தார். போகவந்தலாவையில் அடக்கம் செய்திருக்கிறார்கள். அவரது முதல் லென்ஸ் ஒரு பிரெஞ்சு ஜமீன். வளையத்தைத் திருப்பிக்கொண்டு வரும்போது எங்கே அழகாகத் தெரிகிறதோ அங்கேயே நிறுத்திவிட்டேன், அதற்கு மேல் கூர்மை தேடவில்லை என்கிற கருத்தில் அவர் எழுதியிருக்கிறார். அவர் இலங்கையில் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பது 30க்கும் குறைவு. அவற்றில் நிற்பவர்களில் தோட்டத் தொழிலாளர்களும் ஊர்ச் சனங்களும் உண்டு. அந்த ஆக்களின் பெயர் பெரும்பாலும் பதியப்படவில்லை. எது போகஸில் இருக்கவேண்டும் என்று தீர்மானிக்கிற கை யாருடையது என்ற கேள்வி அன்றிலிருந்தே தொடர்கிறது, அதை இங்கே நீட்டப்போவதில்லை.

திருகோணமலைக்கு வருவம். இந்த நகரத்தின் லென்ஸ் வரலாறு துறைமுகத்தோடு ஒட்டியது. 1942 ஏப்ரல் 9 காலை யப்பானியக் கடற்படை விமானங்கள் இங்கே குண்டு போட்டன. சீனன்குடா எண்ணெய்க் குதங்களில் ஒன்றின் மேல் ஒரு விமானம் போய் விழுந்த கதை ஊரில் இன்றைக்கும் எல்லாருக்கும் தெரியும். முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் கண்டுபிடித்து மூழ்கடித்தார்கள். அதில் விமானம் ஒன்றுகூட இல்லை. 307 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பல் புகையோடு சரிகிற படம் நீங்கள் பார்த்திருப்பீர்கள், இணையத்தில் எங்கும் கிடக்கிறது. அது யப்பானிய விமானத்திலிருந்து எடுத்தது. எங்கள் கரையில் நடந்த யுத்தத்தின் மிகப் பிரபலமான படம், குண்டு போட்டவரின் பக்கமிருந்து எடுத்த படம்.

அந்தக் கடற்படைக்குத் தூரம் அளக்கிற கருவிகளைச் செய்து கொடுத்தவர்களில் நிப்பொன் கோகாகு என்ற கம்பனியும் ஒன்று. 1917இல் தொடங்கியது. யமாட்டோ போர்க்கப்பலின் 15 மீற்றர் நீளத் தூரமானி அவர்கள் செய்ததுதான். யுத்தத்தில் தோற்ற பிறகு இராணுவத்துக்குக் கண்ணாடி செய்கிற வேலை நின்றுபோனது. அதே கண்ணாடி அறிவு கமராவுக்குத் திரும்பியது. 1948இல் முதல் கமரா வந்தது, பெயர் நிக்கோன். 1950இல் கொரிய யுத்தத்தைப் படமெடுத்த டேவிட் டக்ளஸ் டங்கன் அந்த லென்ஸைத் தன் கமராவில் மாட்டி எடுத்த படங்களைப் பார்த்துத்தான் அமெரிக்கர்கள் யப்பான் லென்ஸைத் திரும்பிப் பார்த்தார்கள். 1959இல் நிக்கோன் எஃப். அதற்குப் பிறகு ஜெர்மன்காரருக்கு அந்தச் சந்தையில் பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை. பீரங்கிக்கு இலக்கின் தூரம் அளந்த அறிவு, பிறகு கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் முகத்துக்கு எத்தனை அடி என்று அளந்தது. இதை நினைக்கும்போது எனக்கு ஒரு மாதிரித்தான் இருக்கும்.

யுத்தம் முடிந்து பதினொரு வருசத்துக்குப் பிறகு, 1956இல், ஆர்தர் சி. கிளார்க், மைக் வில்சன், ரொட்னி ஜொங்க்ளாஸ் ஆகியோர் கோணேசர் மலையடியில் சுழியோடினார்கள். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்துக் கடலில் தள்ளிய கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் அங்கே கிடந்தன. அந்த அனுபவங்களைக் கிளார்க் அடுத்த வருசமே புத்தகமாக வெளியிட்டார். தண்ணிக்குள் போகஸ் பண்ணுவது எப்படி என்று யோசித்துப் பாருங்கோ. ஓட்டோ போகஸ் என்ற ஒன்று கடைக்கு வர இன்னும் இருபத்தொரு வருசம் இருந்தது. தண்ணியில் ஒளி வளைவதால் நான்கு மீற்றரில் இருக்கிற தூண் மூன்று மீற்றரில் இருப்பதுபோலக் கண்ணுக்குத் தெரியும். தட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற லென்ஸும் அதே பொய்யைத்தான் பார்க்கிறது. ஆகவே நாடா பிடித்து அளந்தால் பிழைக்கும், கண்ணை நம்பி மூன்று மீற்றர் என்று வைத்தால் சரிவரும். லென்ஸில் பொறித்த எண் வேறு, உலகத்தின் எண் வேறு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. இலங்கைத்துறைக்குப் போக முதல் இதை நான் யோசித்திருக்க வேணும்.

மாமாவின் லென்ஸுக்கு ஒரு தனிப் பரம்பரை உண்டு. 1949இல் கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டனில் வந்த கொன்டாக்ஸ் எஸ் என்ற கமராவில் லென்ஸைத் திருகாணி மாதிரிச் சுற்றிப் பூட்டுவார்கள். விட்டம் 42 மில்லிமீற்றர், அதனால் எம்42 என்று பெயர். பிராக்டிக்காவும் சோவியத் செனிட்டும் யப்பானின் பென்டக்ஸும் அதே திருகையே எடுத்துக்கொண்டன. எதிரெதிர் முகாம்கள் பனிப்போரில் முறைத்துக்கொண்டு நின்ற காலத்தில் அவர்களுடைய லென்ஸுகள் மட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தின. மாமா சவூதியில் வேலை செய்தபோது, 1979இல், ஒரு பாகிஸ்தான்காரரிடம் பாவித்த பென்டக்ஸ் ஸ்பொட்மட்டிக் வாங்கினார். அந்த மொடல் 1964இல் வந்தது. மாமா வாங்கும்போதே பென்டக்ஸ் அந்தத் திருகைக் கைவிட்டு நாலு வருசம். 1985இல் மினோல்டா 7000, 1987இல் கெனன் ஈஓஎஸ் எண்டு ஓட்டோ போகஸ் வந்து இறங்க, உலகம் முழுக்கப் பழைய லென்ஸுகள் அலுமாரியின் மேல்தட்டுக்குப் போயின.

எங்கள் பக்கம் மட்டும் அவை கொஞ்சம் பிந்தித்தான் போயின. ஸ்பொட்மட்டிக்கில் பட்டரி வேண்டியது ஒளிமானிக்கு மட்டும். ஷட்டர் முழுக்கப் பொறிமுறை, பட்டரி இல்லாமலே அடிக்கும். 90களில் வடக்கில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்குப் பட்டரி கொண்டுபோகத் தடை இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட கதையைப் பெரியாக்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அப்படியான இடத்தில் பட்டரி கேட்காத கமரா என்பது ரசனை இல்லை, தேவை. ஒளிமானி செத்தாலும் ஒரு வாய்ப்பாடு உண்டு: நல்ல வெயிலில் எஃப் 16 வை, பிலிமின் வேக எண்ணையே ஷட்டருக்கும் வை, 100 என்றால் 125இல் ஒன்று. எங்கட வெயிலுக்கு அது பிழைக்காது.

இப்போது அந்த லென்ஸுகள் ஏன் திரும்பி வந்தன? காரணம் மிகச் சாதாரணமானது, இடைவெளி. கண்ணாடி ஒன்று உள்ளே மேலும் கீழும் ஆடுகிற பழைய வகைக் கமராவில் லென்ஸ் பிலிமிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். எம்42க்கு அந்தத் தூரம் 45.46 மில்லிமீற்றர். 2008இல் பனசொனிக் ஜி1 தொடக்கம் அந்த ஆடுகிற கண்ணாடியை எடுத்துவிட்டார்கள், தூரம் சுருங்கியது. என் சோனியில் 18 மில்லிமீற்றர்தான். மிச்சம் இருக்கிற 27.46 மில்லிமீற்றருக்கு உள்ளே ஒன்றுமில்லாத ஒரு குழாய் போட்டால் வேலை முடிந்தது. அடப்டர் என்று கடையில் விற்பது அந்த வெறுங்குழாய்தான்! மாறாக நிக்கோன் டிஎஸ்எல்ஆரில் இது சரிவராது, அதன் தூரம் 46.5. ஒரு மில்லிமீற்றர் கூட, அந்த ஒரு மில்லிமீற்றரால் தூரத்துக் கப்பல் ஒருபோதும் தெளியாது.

வேறொரு பிரச்சினையும் டிஎஸ்எல்ஆரில் உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை. பழைய கமராவின் வியூபைண்டரில் நடுவட்டத்தில் நுண்ணிய பட்டகங்கள் இருக்கும். போகஸ் பிழைத்தால் அந்த இடம் மினுங்கி உடையும், சரியானால் டக்கென்று அடங்கும். ஓட்டோ போகஸ் வந்தபோது அதைக் கழற்றிவிட்டு வெளிச்சம் கூடிய திரை போட்டார்கள். அந்தத் திரை எஃப் 2.8 அளவுக்கு மேல் திறந்த லென்ஸின் உண்மையான மங்கலைக் காட்டாது. நீங்கள் எஃப் 1.4இல் பார்க்கிறீர்கள், திரை 2.8 மாதிரிக் காட்டுகிறது. எல்லாம் தெளிவு என்று நினைத்து அடித்தால் மூக்கு கூர்மை, கண் மங்கல். கண்ணாடியில்லாத கமராவில் நேராகச் சென்சர் பார்ப்பதையே பார்க்கிறோம், வேண்டிய இடத்தைப் பெருப்பிக்கலாம், விளிம்புகளில் கலர் கோடு வந்து காட்டிக்கொடுக்கும். ஆக, ஓட்டோ போகஸ் கமராக்கள் கொன்ற ஒரு பழக்கத்தை, அவற்றின் பேரப்பிள்ளைகள் உயிர்ப்பித்துவிட்டன.

பிலிம்தான் இந்த லென்ஸுக்கு 'உண்மையான' வீடு என்று சொல்கிறவர்களுக்கு ஒரு நியாயம் உண்டு. பிலிமுக்கு முன்னால் கண்ணாடி கிடையாது. சென்சருக்கு முன்னால் வடிகட்டிக் கண்ணாடி அடுக்கு இருக்கிறது, சாய்ந்து வருகிற ஒளி அதில் தடுமாறும். பழைய ரேஞ்ச்பைண்டர் கமராக்களின் அகல லென்ஸுகளை மாட்டினால் மூலைகள் கரைந்து, சில நேரம் ஊதா ஏறும். 50 மில்லிமீற்றர் மாதிரிச் சாதாரண லென்ஸுக்கு இந்தக் கரைச்சல் பெரிதாக இல்லை.

எனக்குப் பிடித்த உதாரணம் வேறு. மாமாவின் டக்குமார் மஞ்சளாகிவிட்டிருந்தது, தேத்தண்ணி ஊற்றி வைத்தது மாதிரி. அந்தக் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது. கதிரியக்கமுள்ள பொருள், காலம் போகப் போகக் கண்ணாடியையே மஞ்சளாக்கும். (பயப்பட வேண்டாம், ஆனால் கழற்றித் தேய்த்துத் தூளாக்காதீர்கள்.) கலர் பிலிமில் அந்த மஞ்சள் எல்லாப் படத்திலும் ஏறும். கறுப்பு வெள்ளைப் பிலிமில் அதே மஞ்சள் ஓர் இலேசான வடிகட்டிபோல வானத்தைக் கொஞ்சம் கறுப்பாக்கி முகிலை எழுப்பிக் காட்டும். டிஜிட்டலில் வைட் பலன்ஸ் அதைக் கண்ணுக்குத் தெரியாமலே துடைத்துவிடும். ஒரே குறை மூன்று இடத்தில் மூன்று விதம். வெயிலில் சில நாள் வைத்தால் மஞ்சள் போய்விடும் என்று படித்து யன்னலில் வைத்தேன். உண்மைதான், போனது. கூடவே உள்ளே இருந்த கிறீஸ் உருகி அபெச்சர் இதழ்களில் இறங்கிவிட்டது. கொழும்பில் ஒரு கடையில் கழுவக் கொடுத்தேன். கிறீஸ் போனது, முன் கண்ணாடியின் பூச்சும் ஓர் ஓரமாகப் போனது. இப்போது சூரியனுக்கு நேரே பிடித்தால் படம் பால் ஊற்றினது மாதிரி வெளிறும். கடற்கரை ஊர்க்காரருக்கு இன்னொன்று: பூஞ்சணம். கமரா பையை அலுமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள். காற்றுப்புகாத டப்பா, சிலிக்கா ஜெல், மாதம் ஒருக்கால் வெளியே எடுத்து வளையத்தைச் சுழற்றுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, லென்ஸ் பற்றிப் பேசுகிறவர்கள் திருகோணமலையில் மறக்கக்கூடாத ஒருவர் இருக்கிறார். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, காந்தி சிலைக்குப் பக்கத்தில் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கிரனேட் வெடித்ததாகப் படைத்தரப்பு சொன்னது. சுடர் ஒளி நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அந்த உடல்களைப் படம் எடுத்தார். துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் அந்தப் படங்களில் தெரிந்தன, பத்திரிகையில் வந்தன. அதே மாதம் 24ஆம் திகதி காலை அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பொக்கே, கலர், 'பிலிம் லுக்' என்று நாங்கள் கதைக்கிற எதுவும் அந்தப் படங்களில் முக்கியமில்லை. ஒரு காயத்தின் விளிம்பு தெளிவாக இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் முக்கியம்.

அதே மாதிரி இன்னொரு வகைப் படம். 2017இலிருந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வடக்கு கிழக்கில் தொடர்ந்து போராடி வருகிறார்கள், திருகோணமலையிலும். அவர்கள் நெஞ்சில் பிடித்திருக்கிற படங்களைக் கிட்டப் போய்ப் பாருங்கோ. அதிகமானவை ஏதோ ஒரு ஸ்டூடியோவில், கையால் போகஸ் பண்ணி, பிலிமில் எடுத்த அடையாள அட்டைப் படங்கள். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய ஒன்றை முழுத்தாளுக்குப் பெருப்பித்திருப்பார்கள். நெகட்டிவ் இல்லை. இடம்பெயர்வில் போயிருக்கும், இல்லாட்டி 2004 சுனாமியில் போயிருக்கும், இல்லாட்டி ஸ்டூடியோவே இப்போது இருக்காது. பிரிண்டிலிருந்து பிரிண்ட் எடுத்து எடுத்து முகம் கரைந்துபோயிருக்கும்.

நெகட்டிவ் இருந்தால் கதை வேறு. அதனால்தான் நாங்கள் நாலு பேர் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய நெகட்டிவ்களை டிஜிட்டலாக்குகிறோம். ஸ்கானர் வாங்கக் காசில்லை. சோனியில் பழைய நிக்கோன் 55 மில்லிமீற்றர் மைக்ரோ லென்ஸ், கீழே வெள்ளை வெளிச்சப் பலகை, அதன் மேல் நெகட்டிவ். தட்டையான பொருளை மூலைக்கு மூலை ஒரே கூர்மையில் எடுக்கவென்றே செய்த லென்ஸ் அது. ஓட்டோ போகஸ் இங்கே தேவையுமில்லை, நம்பவும் ஏலாது. ஏனென்றால் போகஸ் பண்ணவேண்டியது படத்தை இல்லை, பிலிமின் துகளை. திரையில் பத்து மடங்கு பெருப்பித்து வளையத்தை ஒரு மயிரிழை திருப்ப, மணல் மாதிரித் துகள் எழும்பி வரும். அங்கே நிறுத்த வேணும். முகம் மங்கலாக இருந்தால் அது எடுத்தவரின் போகஸ், எங்களுடையது இல்லை.

போன மாதம் பக்கத்து ஒழுங்கை அம்மம்மா ஒருவர் பிஸ்கட் ரின்னில் நெகட்டிவ் துண்டுகள் கொண்டுவந்தார். மகனின் படம் ஒன்று வேணும். 1990இல் போனவர். நாலு பிரேம்களில் ஒன்றில்தான் அவர் இருந்தார், வளவில், வெள்ளைச் சேட்டோடு, சிரித்தபடி. துகள் நன்றாக எழும்பியது, ஒவ்வொரு மூலையும் கூர்மை. முகத்தில்தான் போகஸ் இல்லை. எடுத்தவர் வளையத்தைக் கொஞ்சம் கூடத் திருப்பியிருக்கிறார், பின்னால் நிக்கிற தென்னையில் போய் விழுந்திருக்கிறது. மட்டையின் நார் நாராக எண்ணலாம். மென்பொருளில் கூர்மையாக்கிப் பார்த்தேன், முகம் வேறு யாரோ மாதிரி ஆனது. அழித்துவிட்டேன்.

இருந்தபடியே பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம். கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலால் அந்தத் தென்னையைத் தொட்டு, "இதையும் தறிச்சாச்சு தம்பி" என்றார்.